முப்பத்தோரு டிகிரி

வெளியே சிங்கப்பூர், எப்போதும் முப்பத்தொன்று.
உள்ளே பத்தொன்பது.
அதற்கென்றே ஓர் அறை, அறைக்கு ஒரு பூட்டு,
கதவில் என் கையெழுத்து:
திறந்தால் உடனே மூடவும்.

இந்த ஈக்களின் மரபில் ஓர் எழுத்துப் பிழை.
குளிரில் அது பிழையே இல்லை.
இருபத்தொன்பதைத் தாண்டினால்
ஒரு புரதம் தன் வேலையை மறந்துவிடும்.

என்ன பெரிய வேலை.
செல்லின் தோலில் உள்நோக்கி ஒரு குழி விழும்,
குழி மொட்டாகும்.
மொட்டின் கழுத்தைச் சுற்றி இறுக்கி
அறுத்து உள்ளே அனுப்ப வேண்டும்.
காம்பு கிள்ளும் வேலை.

அது நின்றால்
கிள்ளாத மொட்டுகள் விளிம்பெங்கும் தொங்கும்.
அண்டைச் செல்லோடு கைகோக்க நேற்று வைத்த பசை
திரும்ப எடுக்கப்படாது,
இன்றைய பசை அதன்மேல் வந்து குவியும்.
அடுத்த செல் அனுப்பிய சேதி
வாசலிலேயே நிற்கும்.
மேல் எது கீழ் எது என்று
ஒற்றை வரிசையாய் நின்ற திசு தடுமாறும்.

செல் என்றால் தமிழில் போ என்று பொருள்.
போகாத செல்லை என்ன சொல்ல?
கண்டுபிடித்தவர்கள் வைத்தது ஒரு ஜப்பானியச் சொல்.
நம்மிடமும் இருக்கிறது: மரத்துப்போதல்.
உயிரோடு இருந்துகொண்டே மரமாவது.

செவ்வாய் இரவு இரண்டு பத்துக்குக்
கிளமெண்டியில் என் தலையணைக்கடியில் அலாரம் அடித்தது.
போன வாரம் மூன்று முறை பொய் சொன்ன அலாரம்.
அணைத்தேன்.

ஆறரைக்குப் பராமரிப்பு ஜம்ரி கூப்பிட்டார்.
"மேடம், உங்க ரூம் சூடா இருக்கு."

குப்பிகளின் அடியில் ஈக்கள்
சிந்திய எள்ளாய்க் கிடந்தன.
ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.
இரண்டு நிமிடம்.
ஒன்று காலை உதறியது,
ஒன்று புரண்டது,
பிறகு எல்லாம் எழுந்து இறகு நீவிக்கொண்டு
கண்ணாடியில் ஏறின,
ஒன்றுமே நடக்காததுபோல.
"தப்பிச்சோம் லா," என்றாள் ஷின் ரூ.
நானும் தலையாட்டினேன்.

மாவுக்குள் புழுக்கள் இருந்ததை
இருவருமே சொல்லவில்லை.

பத்தாம் நாள் அவை ஈயாய் வெளிவந்தன.
நுண்ணோக்கியின் கீழே
இறகின் ஓரம் கடித்துத் துப்பியதுபோல் இருந்தது.
சிவந்த கண்ணில் மேலிருந்து கீழாக
ஒரு வடு.

புழுவின் கண் ஒரே நாளில் எழுதப்படுவதில்லை.
பின்னாலிருந்து முன்னால்
மெல்ல ஓர் அலை நகரும்,
அது கடந்த இடத்தில் செல்கள் கண்ணாக முடிவெடுக்கும்.
நான் அலாரத்தை அணைத்தபோது
அலை எங்கே நின்றதோ
அங்கே வடு.
மூத்த புழுவுக்குக் கொஞ்சம் முன்னால்,
இளையதுக்குப் பின்னால்.
நாலு மணி இருபது நிமிடத்தின் அகலம்
எல்லாவற்றிலும் ஏறத்தாழ ஒன்றுதான்.

பேராசிரியர் எட்டிப் பார்த்தார்.
"பயன்படாது, கொட்டிடு."
சரி என்றேன்.
கொட்டவில்லை.
நூற்றுப் பன்னிரண்டு கண்களை அளந்தேன்,
யாரும் கேட்காத ஓர் அட்டவணைக்கு.

ஏட்டில் தேதியிட்டு எழுதினேன்:
02.10 அலாரம் அணைக்கப்பட்டது.
பேனா கொஞ்சம் நின்றது.
கடைசிச் சொல்லை அடித்துவிட்டு
அணைத்தேன் என்று எழுதினேன்.

வெளியே வந்ததும்
மூக்குக்கண்ணாடியில் ஆவி படர்ந்தது.
நிறுத்தத்தில் வந்து நின்றது தொண்ணூற்றைந்தா தொண்ணூற்றாறா,
பக்கத்தில் நின்ற பையனைக் கேட்டுத்தான்
ஏறினேன்.